கூட வந்தவர்களுக்கும் ஊசி

கோவில்பட்டியில் சீனாக்காரரிடம் போய் அதிர்ச்சி அடையாமல் வீடு திரும்பிய ஒருத்தரைக் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். இத்தனைக்கும் மனிதர் சீனாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. சொந்த ஊர் எப்போதும்வென்றான். மெட்ராஸில் அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியம் படித்துவிட்டு வந்து, ஒரு மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். முறுக்கு மீசை, தோளில் துண்டு, டப்பா நிறைய மயிரிழை ஊசி. ஆளுக்குப் புது ஊசி என்பதில் மட்டும் கறார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தீப்பெட்டி ஆபீசில் நான் கிளார்க். கல்யாணமாகி ஆறு வருஷம். 'எங்களுக்குப் பிள்ளை இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. 'செல்விக்குப் பிள்ளை இல்லை' என்றுதான் பேச்சு. வெட்கங்கெட்டவன், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செல்விக்காக வந்து ஏனென்று கேட்க அண்ணன் தம்பி கிடையாது. அம்மா கழுகுமலையில் எனக்கு இரண்டாவது பெண்ணே பார்த்துவிட்டாள். பங்குனி உத்திரம் வரை கெடு.

கடைசி முயற்சியாகச் சீனாக்காரர். எங்கள் பக்கம் பொம்பளை வைத்தியத்துக்குத் தனியாகப் போகும் வழக்கமே இல்லை. செல்வி, நான், அம்மா, அடுத்த வீட்டு ராஜாமணி அக்கா என்று ஒரு ஜீப் கூட்டம் போனோம்.

அம்மா ஆரம்பித்தாள். "இவளுக்கு உடம்பு பூரா சூடுய்யா. சொன்ன மருந்தைக் குடிக்கமாட்டா. பொறந்த வீட்டு வளப்பு அப்படி..."

கால் மணி நேரம் கேட்டவர், "யக்கா, இங்கன உக்காருங்க" என்று அம்மாவை உட்காரவைத்து, உச்சந்தலையில் ஒன்று, கைக்கு ஒன்றாகச் சொருகிவிட்டார்.

"ஏ பாவி! நோயாளி அவ, என்னையவா குத்துத?"

"அந்தப் பிள்ளை எந்நேரமும் உங்க பேச்சைத்தான கேட்டுட்டுக் கெடக்கு? மொதல்ல நீங்க கொஞ்சம் அமைதியாவுங்க."

ராஜாமணி அக்கா களுக்கென்று சிரித்தாள். அவள் காதில் ஒன்று. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் அம்மாவிடமிருந்து குறட்டை. அப்பா போனதிலிருந்து அவள் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. ஆடிப்போய்விட்டேன்.

பிறகுதான் செல்வியிடம் வந்தார். "ஊசி பிள்ளை தராது தாயி. உடம்பும் மனசும் கொஞ்சம் இளகும், அம்புட்டுத்தான். மத்ததை ஆஸ்பத்திரியில பாக்கணும்" என்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "உமக்கு டெஸ்ட் எடுத்தாச்சாவே?"

"நானா?"

குறட்டை நின்றது. தலையில் ஊசியோடு அம்மா எழுந்துவிட்டாள். "ஆம்பளைக்கு என்னய்யா டெஸ்டு!"

"அப்ப பிள்ளையை அவ மட்டுமா பெத்துக்கிடுவா? டெஸ்ட் எடுக்காம இவரு இந்த வாசல்ல காலு வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

பாளையங்கோட்டை போய் எடுத்தேன். குறை என்னிடம்தான்.

வீட்டில் இடி விழுந்தது. செல்வி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஆறு வருசமா ஊர்ல உள்ள கசாயத்தையெல்லாம் எனக்கு ஊத்துனீங்களே" என்று வாய்விட்டு அழுதாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா, "கழுகுமலைக்காரவியகிட்ட பொண்ணு வேண்டாம்னு சொல்லிரு. கெளம்புலே, ஊசிக்கு நேரமாச்சு" என்றாள். கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம், இவர் ஊசி ஒரு பக்கம். ஒன்றரை வருஷம் கழித்து மகள் பிறந்தாள். லட்டு டப்பாவோடு ஓடினால், "டாக்டரம்மாவுக்குக் குடுங்கவே. நான் சும்மா குத்திட்டுக் கெடந்தேன்" என்று விரட்டினார். விரட்டுமுன் நாலு லட்டை எடுத்துக்கொண்டார்.

கழுகுமலை கோயிலில் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தோம். ஆசாரி ஊசியும் கையுமாக, "தாய்மாமன் எங்க? மடியில வச்சு உக்காரச் சொல்லுங்க" என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். சொந்தக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கூட்டத்தின் கடைசியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த சீனாக்காரரை அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"இந்தா இருக்காருல்லா. எம் மருமகளுக்காகப் பேசுனது இவரு ஒருத்தருதான். உக்காருங்க தம்பி."

மனிதர் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி பிள்ளையின் காதருகே போனதுதான் தாமதம். "ஐயையோ, மெதுவாவே! பச்சப்பிள்ளைல்லா!" என்று ஒரு கத்தல். ஊர் பூராவையும் குத்திய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

பிள்ளைகூட அவ்வளவு அழவில்லை.