சாண்டர்ஸ் ஆலாவை நான் கண்டுபிடித்த ஞாயிறு

ஒன்றுமே தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். எல்லாம் தெரிந்தவனும் பெரும்பாலும் அப்படித்தான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்கு ஓடுவான். 1999 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அப்படி ஓடினேன்.

அப்போது எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. கல்யாணமான புதுசு. ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர் ஸ்டெல்லா அக்கா. பறவை பார்க்கும் பைத்தியம் எங்கள் இருவருக்கும் உண்டு. அவருக்கு முற்றியது, எனக்கு அப்போதுதான் பிடித்திருந்தது.

எங்கள் கடற்கரையில் சின்ன ஆலா என்றொரு பறவை உண்டு. மைனா அளவுதான் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, நுனி கறுத்த மஞ்சள் அலகு. தலைகுப்புற விழுந்து மீன் பிடிக்கும். அச்சு அசலாக அதைப் போலவே சாண்டர்ஸ் ஆலா என்று இன்னொன்று இருக்கிறது. இந்தப் பக்கம் அபூர்வம். முட்டையிடும் பருவத்தில் மட்டும் வித்தியாசம் கொஞ்சம் தெரியும். சின்ன ஆலாவின் நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். கால் பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சள். சாண்டர்ஸுக்கு வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். கால் மங்கிய பழுப்பு. (பெற்ற தாய்க்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.)

கல்பாக்கம் வந்த நாளிலிருந்து அக்கா அந்த சாண்டர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. இப்போது கணவருக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல். அங்கே கடல் கிடையாது. சாமான் ஏற்ற லாரி அந்த ஞாயிறுதான் வந்திருந்தது.

அன்றைக்கென்று பார்த்து, முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டில் அது தனியாக நிற்பதை நான் பார்த்துத் தொலைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பீரோ பாதி லாரியில் இருந்தது.

"அக்கா, சாண்டர்ஸ்."

அக்கா கையிலிருந்த குக்கரைக் கீழே வைத்தார். "கால் பாத்தியா?"

"பழுப்பு. சத்தியமா."

"நெத்தி?"

"என்னையே நேரா பாத்துட்டு நின்னுச்சு, பக்கவாட்டுல தெரியல. ஆனா கால்ல சந்தேகமே இல்லக்கா."

அவர் கணவர் ஜோசப் அண்ணன் பீரோவின் மறுமுனையைத் தாங்கியபடி கேட்டார். "லாரிக்காரன் நிப்பானா?"

"அரை மணி நேரம்தான் அண்ணே" என்றேன். (லாரி என்னவோ என் அப்பாவுடையது போல.)

அவர்கள் ஸ்கூட்டரில் வந்தார்கள். நான் வீட்டுக்குப் போய் மனைவி கலாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊரப்பாக்கத்துப் பெண். புருஷனின் பெருமையை நேரில் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பறவை அங்கேயே நின்றது. அக்கா பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார்.

"பழுப்புதான்" என்றார் மெதுவாக. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர விட்டுப் போறப்ப இதக் குடுத்தியேப்பா."

ஜோசப் அண்ணன், சாவு வீட்டில் செய்வதுபோல, தொப்பியைக் கழற்றினார். நான் அடக்கமாக, ஆனால் கலா காதில் விழும்படி, இதற்கெல்லாம் பழகிய கண் வேண்டும் என்றேன்.

பைனாகுலர் கலாவிடம் போயிற்று.

"இன்னாங்க, அது தண்ணில எறங்குது."

"எறங்கட்டும்."

"காலு கழுவிகினு கீதுங்க."

நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திட்டைப் பார்த்தேன்.

"சேறு போய்டுச்சு. மஞ்சாவா கீது." கொஞ்சம் பொறுத்து, "நல்ல மஞ்சா" என்றாள்.

பறவை பக்கவாட்டில் திரும்பியது. நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டி, எந்த முட்டாளுக்கும் தெரியும்படி, பின்னால் போயிருந்தது. பக்கத்தில் ஒரு நண்டு வளை இருந்தது. நான் உள்ளே போக முடியுமா என்று பார்த்தேன்.

அக்கா பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். இறக்கவே இல்லை. அழுகிறாரோ என்று எனக்குப் பயம்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"சும்மா இரு. இத்தன வருஷத்துல எத்தன சின்ன ஆலா பாத்திருப்பேன்! ஒவ்வொண்ணையும் 'இது அது இல்ல'ன்னு தள்ளிட்டுத்தான் போயிருக்கேன். இன்னிக்குத்தான் உக்காந்து பாக்கறேன்."

சொல்லிவிட்டு ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். பறவை எழும்பி, நீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்து நின்று, விழுந்து, ஒரு மீனோடு எழுந்தது. லாரியைப் பற்றி வாயைத் திறக்காமல் ஜோசப் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பிப் போனால் வாசலில் பீரோ, கட்டில், குக்கர் எல்லாம் வரிசையாக இருந்தன. லாரியைக் காணோம். வேறு லோடு இருக்கிறதென்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அடுத்த லாரி புதன்கிழமைதான் கிடைத்தது. அதுவரை அவர்கள் இருவரும் எங்கள் ஒற்றை அறைக் குடித்தனத்தில் தங்கினார்கள். ஜோசப் அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கலா ஊரப்பாக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சில வருடம் கழித்து அவள் தங்கைக்கு ஒரு வரன் கொண்டுபோனேன். பையன் தங்கம், நானே நேரில் பார்த்தேன் என்றேன். மாமனார் நெடுநேரம் யோசித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இவுரு பாத்தது, பையன் கால் கழுவறதுக்கு முன்னாடியா, அப்பாலயா?"

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. என் பேச்சை நம்பி அந்த வீட்டில் இன்றுவரை ஒரு மிக்ஸிகூட வாங்கியதில்லை.