அக்கா பாட்டைப் பற்றி நாலு கருத்து

கருத்துக் கேட்பதில் ஒரு சிரமமும் இல்லை. நம் ஊரில் கேட்காமலேயே கிடைக்கும். கேட்டு வாங்கிய கருத்தை எந்த வாசலில் இறக்கி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறக்க வேண்டிய வாசலை விட்டுப் பக்கத்து வாசலில் இறக்கியவன் நான். இத்தனைக்கும் என் தொழிலே ஆட்களை அவரவர் இடத்தில் இறக்கிவிடுவது.

கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பெயர் மைக்கேல். ஏரியாவில் 'மைக்கு'. (மைக்குக்காவது அணைக்கிற சுவிட்ச் உண்டு என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.) பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாவதோடு கணக்குத் தீர்ந்தது. மிச்சப் படிப்பெல்லாம் என் வண்டியின் பின்சீட்டில் நடந்தது. ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதை வாயில் போட்டு மென்றுகொண்டே ஓட்டுவேன்.

தொண்ணூறுகளில் என் தோஸ்து சாதிக் பர்மா பஜாரிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தான். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பாடிய ராக் பாட்டுகள். உலகமெல்லாம் சக்கைப்போடு போடுகிற ஆல்பம் என்று கடைக்காரர் சொன்னாராம். (எங்கள் உலகம் அப்போது பாரிமுனையோடு முடிந்துவிடும்.) கிடார் உறுமும், டிரம் இடிக்கும், நடுவே அந்தப் பெண் எவனையோ சுவரோரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதுபோலப் பாடுவாள். இங்கிலீஷ் எங்களுக்குக் கால்வாசி புரிந்தது. கோபம் முழுசாகப் புரிந்தது. அவள் பெயர் மட்டும் நாக்கில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெயர் தெரியாத பெண் யாராக இருந்தாலும் அக்காதான். அதனால் அவளும் அக்கா ஆனாள். "அக்காவப் போடு மாமு" என்றால் அந்த கேசட் என்று அர்த்தம்.

சாதிக் பிறகு மஸ்கட் போய்விட்டான். மூன்று வருடங்களுக்கு முன் அங்கிருந்தபடியே 'கேசட் தோஸ்துங்க' என்று ஒரு குரூப் ஆரம்பித்தான். ஒருநாள் அதில் அவன் குரல் வந்தது.

"மாமு, அக்கா பாட்டெல்லாம் நமக்குத்தான்டா. நம்ம ஜனத்துக்கு இத்தெல்லாம் ஏறாது."

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம ஜனத்தப் பத்தி ஒனக்கு இன்னாடா தெரியும்? நீ ப்ளேன் ஏறிப் பூட்ட. நான் தெனம் அவங்கள ஏத்திகினு கீறேன். கேட்டு அனுப்புறேன் பாரு" என்று சவால் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமையே ஆரம்பித்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் ஒரு ஆல்பம் முழுக்க ஓடி முடிந்து, முதல் பாட்டு மறுபடி வரும். பென் டிரைவில் வைத்திருந்த பாட்டைப் போட்டேன். முடிந்ததும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கைபேசியில் குரல்பதிவை ஓடவிட்டுப் பின்சீட்டுக்கு நீட்டி, "அக்கா பாட்டு எப்டி கீது? மனசுல பட்டதச் சொல்லுங்க" என்றேன்.

காத்திவாக்கத்தில் இறால் விற்கும் தேவகி முதலில் வாங்கினாள். "இன்னா நைனா, இது பாடுதா, சண்ட போடுதா? எங்க சின்னம்மா கொழாயாண்ட இப்டித்தான் பாடும். ஆனா அதுக்கு ஒரு கொடம் தண்ணியாச்சும் கெடைக்கும்."

லாரி டிரைவர் ஒருவர் தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். "வாளை முள்ளு மாட்டிகினா மாதிரி கீதுப்பா. யாராவது ஒரு உருண்ட சோறு குடுங்க அந்தம்மாவுக்கு, முழுங்கட்டும்."

திருவொற்றியூரில் இறங்கும் வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது. உடைஞ்ச சாமானை எதுக்கு சார் சபைக்குக் கொண்டு வரணும்?"

ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கடைசியாக, ரொம்ப அக்கறையோடு சொன்னார்: "வயசுக்கு ஏத்த மாதிரி வூட்ல குந்திகினு கீறதுதான் மருவாதி. யாராவது எடுத்துச் சொல்லுங்கப்பா."

சவாலில் நான் படுதோல்வி. ஆனாலும் பேச்சு எப்படி! வாளை முள்ளு! இதை சாதிக்கிடமிருந்து மறைப்பது பாவம் என்று தோன்றியது.

இங்கே இன்னொரு அக்காவைச் சொல்லியாக வேண்டும். ரெஜினா அக்கா. கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை. வாரநாளில் என் வண்டியில்தான் போவார், என் சவாரிகளை எல்லாம் குரலை வைத்தே தெரியும். ராயபுரத்தில் எங்கள் கோயில் பாடற்குழுவின் குரலே அவர்தான். அவர் பாடினால் வெளியே மெழுகுவர்த்தி விற்பவர்கூடப் பேரத்தை நிறுத்திவிடுவார். அதற்கு முந்தைய வருடம் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது. குரல் திரும்பி வந்தது. ஆனால் வேறு ஆளாக வந்தது. மேலே போகும்போது கரகரத்து, நடுவில் விட்டுப்போகும். அதிலிருந்து அக்கா குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடத் திருவிழாவில் அவரைத் தனிப்பாட்டு பாடவைக்க ஸ்டெல்லா மாதக்கணக்காகக் கெஞ்சி, சண்டை போட்டு, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். திருவிழா மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாடற்குழுவின் குரூப்புக்கு ஸ்டெல்லாதான் அட்மின். எனக்குப் பாட வராது. குழுவை ஏற்றி இறக்குகிற டிரைவர் என்ற முறையில் என்னையும் அதில் சேர்த்திருந்தாள்.

எண்ணூர் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு கருத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தேன். சற்று முன்வரை 'கேசட் தோஸ்துங்க'தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அந்த நம்பிக்கையில் மேலே இருந்ததை அழுத்தினேன். ஆனால் அந்த இடைவெளியில் பாடற்குழுவுக்கு ஒரு செய்தி வந்து, அது மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழே நானே கைப்பட எழுதினேன்: "அக்கா பாட்டைப் பத்தி நம்ம ஜனங்க சொன்னது. ஒண்ணும் மறைக்கல. தோத்துட்டேன்."

அனுப்பியதும் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்தது. நான் டீயை முடித்துவிட்டு, அதே பாட்டைப் போட்டுக்கொண்டு, ஜாலியாக இன்னும் இரண்டு சவாரி போனேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் ஸ்டெல்லா நடுக்கூடத்தில் நின்றிருந்தாள்.

"மனுசனாய்யா நீ?"

"இன்னாம்மே ஆச்சு?"

"ரெஜினாக்கா தனிப்பாட்டப் பாடி குரூப்ல போட்டு, 'எப்படி இருக்கு, மறைக்காம சொல்லுங்க'ன்னு கேக்குறாங்க. ஒடனே நீ ஊர்ல கீறவனையெல்லாம் புட்சி, முள்ளு மாட்டிகிச்சு, ஒடைஞ்ச சாமான், வூட்ல குந்துன்னு அனுப்புற. இதுல 'ஒண்ணும் மறைக்கல'ன்னு வேற எழுதுற!"

ஸ்டெல்லாவின் கைபேசியில் கேட்டுப் பார்த்தேன். நாலு பேரில் ஒருவர்கூட 'இங்கிலீஷ்' என்றோ 'வெள்ளைக்காரி' என்றோ வாய் திறக்கவில்லை. சுத்தமாக ரெஜினா அக்காவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கடைசியில் அக்காவின் பதில்: "சொன்னதுக்கு நன்றி. நாளைக்கு வேற யாராவது பாடட்டும்."

"அது வேற அக்கா ஸ்டெல்லா! கேசட் அக்கா!"

"போயி அவங்களாண்ட சொல்லு. பாட வெச்சுட்டு வா. இல்லன்னா ஆட்டோவுலயே படுத்துக்கோ."

ரெஜினா அக்கா வீடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற தெருவில். கதவைத் திறந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

"வா மைக்கு. முள்ளு எடுக்க வந்தியா?"

"அக்கா, சத்தியமா அது ஒங்க பாட்டப் பத்தி இல்ல. வேற ஒரு அக்கா."

"எந்த அக்கா?"

"வெளிநாட்டு அக்கா. ராக் பாட்டு. தொண்ணூறுல ரொம்ப பேமஸு."

"அவ பேரு என்ன?"

நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்து வந்தது. அதற்கப்புறம் காற்றுதான் வந்தது. இத்தனை வருடம் ஒருத்தியின் பாட்டைக் கேட்டிருக்கிறேன், பெயரை ஒருநாளும் முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

அக்கா தலையாட்டினார். "விடு மைக்கு. எனக்காகப் பொய் சொல்ல வேணாம். கேட்டேன், சொன்னீங்க. அந்த பேங்க்காரர் சொன்னது சரிதான. உடைஞ்சுதான இருக்கு."

"வண்டில வந்து குந்துங்கக்கா. ஒரே ஒரு பாட்டு. அப்பால செருப்பால அடிங்க."

என்ன நினைத்தாரோ, வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன். தெருவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கத்தத் தொடங்கியதும் அக்காவின் முகம் மாறியது. "ஆண்டவரே" என்றார். கொஞ்ச நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "கொழாயடி! அந்தத் தேவகி சொன்னது நிஜம்!" அவர் நம்பிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. நிறுத்தக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும். ஓடட்டும்."

அடுத்து ஒரு மெதுவான பாட்டு. அக்கா முன்னால் சாய்ந்து, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓரிடத்தில் என் தோளைத் தட்டினார்.

"பின்னாடி போ. அந்த எடத்த இன்னொரு தடவ போடு."

போட்டேன். எனக்கு அதில் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

"மூச்சு எடுக்குறா பாரு," என்றார். "சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அப்புறம் மேல போறா. குரல் விட்டுப்போவுது. விட்டுப்போன எடத்துலேருந்தே மறுபடியும் ஆரம்பிக்குறா. ஒளிக்கவே இல்ல." கழுத்திலிருந்த தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார், கை தானாக அங்கே போனது. "ஒரு வருஷமா நான் இத ஒளிக்கத்தான்டா கஷ்டப்பட்டுட்டு இருக்கேன். மூச்ச ஒளிச்சு, உடையுற எடத்த ஒளிச்சு. கடைசியில பாட்டையே ஒளிச்சுட்டேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. (ஸ்டெல்லா இதை இன்றுவரை நம்பவில்லை.)

மறுநாள் திருவிழாவில் அக்கா பாடினார். இரண்டாவது சரணத்தில் மேலே போக வேண்டிய இடம் வந்தது. மைக்குக்கு முன்னாலேயே இழுத்து ஒரு மூச்சு எடுத்தார். கோயில் கடைசி வரிசைவரை கேட்டது. மேலே போனார். குரல் உடைந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா நிறுத்தவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. உடைந்த இடத்திலேயே ஒரு நொடி நின்று, அங்கிருந்தே எடுத்துப் பாடி முடித்தார். பழைய குரல் இல்லை அது. அந்தப் பழைய குரலுக்கு நான் ரசிகன். இந்தக் குரலைக் கேட்டபோது என்னவோ என் வீட்டு விஷயத்தை யாரோ சொல்வதுபோல இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா கை நீட்டினார். "போனைக் குடு. உன் தோஸ்துக்கு என் கருத்தையும் சொல்லணும்." குரூப் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டு அவரே பேசி, அவரே அனுப்பினார். (என் கட்டைவிரலின் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை போய்விட்டது.)

"தம்பி சாதிக், நம்ம ஜனத்துக்கு ஏறாதுன்னு சொன்னியாமே. ஏறுச்சுப்பா. கொஞ்சம் வலிச்சுகிட்டே ஏறுச்சு."

ரொம்ப நேரம் கழித்து மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது. "மாமு, தோத்தது நான்தான். அது கெடக்கட்டும், யாருடா இந்த அக்கா?"

அந்தக் கேள்வியை ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும், குழம்பில் உப்புக் குறைவு என்றால்கூட, சமையலறையிலிருந்து குரல் வரும்: "எந்த அக்கா கொழம்பு?" பாடற்குழு குரூப்பிலிருந்து அன்றே என்னை நீக்கினாள். இன்னும் சேர்க்கவில்லை. எத்தனை மணிக்கு யாரை ஏற்ற வேண்டும் என்பதை வாயால்தான் சொல்கிறாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

ரெஜினா அக்கா இன்றும் என் வண்டியில்தான் ஆபீஸ் போகிறார். லாரி வரிசையில் மாட்டினால் அவரே கேட்பார். அன்று ஒருநாள் நான் உற்சாகமாக, "அக்காவப் போடட்டுமாக்கா?" என்றேன்.

"நிறுத்து. எப்படிப் பாத்தாலும் அந்தப் பொண்ணு என்னைவிடச் சின்னவளாத்தான் இருப்பா. இந்த வண்டியில அக்கா நான் ஒருத்திதான்."

"அப்போ அத்த இன்னான்னு சொல்றது?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"தங்கச்சின்னு சொல்லு. என்கிட்ட பாட்டு கத்துக்க வந்த தங்கச்சி இல்ல, எனக்குச் சொல்லிக்குடுத்த தங்கச்சி."

இப்போது கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை அவளுக்கு அதுதான் பெயர். தேவகிகூட இறால் கூடையை ஏற்றும்போதே கேட்கிறாள்: "இன்னா நைனா, இன்னிக்குத் தங்கச்சி யாரு கூடச் சண்ட?"