நெல்லின் மேல் மாண்புமிகு

ஆகவே, அந்த விஷயத்தில் இனி விவாதத்துக்கே இடமில்லை. உலக இசை வரலாற்றில் கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பே வந்து முன்வரிசையில் இடம்பிடித்த ஒரே ரசிகை, வலங்கைமான் பக்கத்து அமிர்தம்தான். மேடை வருவதற்கு முன்பே வந்துவிட்டார். பந்தல்காரர் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். இன்னும் சொன்னால், இப்படி ஒரு கச்சேரி நடத்தலாம் என்ற யோசனை அரசாங்கத்துக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டார். வெறுங்கையோடும் வரவில்லை. ஒரு டிராக்டர் நிறைய சம்பா நெல்லோடு வந்திருந்தார்.

வந்த இடம், நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களம். அங்கே பட்டியல் எழுத்தர் பஞ்சநதம் என்றொரு பொறுமையின் சிகரம் இருந்தார். சாக்கு வந்த அன்றைக்கு லாரி வரவில்லை. லாரி வந்த அன்றைக்கு சாக்கு எங்கேயோ போய்விட்டது. இரண்டும் இருந்த அன்றைக்கு நெல்லில் ஈரம் இருந்தது.

"காயட்டும்மா. அவசரப்பட்டா ஆவுமா?" என்பார் பஞ்சநதம்.

"மழ வந்துச்சுன்னா போச்சு சார். நான் குத்தகைக்காரி. நெல்லு முளைச்சுட்டா நிலத்துக்காரரு வந்து முளைப்பாரியா எடுப்பாரு? குத்தகையத்தான் கேப்பாரு. குடுக்கலன்னா நெலத்த விட்டு எறங்கும்பாரு."

ஆக, அந்த நெல் நனையாமல் விலைபோக வேண்டும். இல்லையேல் அடுத்த போகத்துக்கு அமிர்தத்துக்கு நிலமில்லை. இவ்வளவு தெளிவான காரணத்தோடு கலையை அணுகிய ரசிகர்கள் மிகக் குறைவு.

அடுத்த குவியல் வீரையனுடையது. வயலில் இருவருக்கும் வரப்புத் தகராறு. நல்ல பண்பாடு எதையும் பாதியில் விடக்கூடாது என்பதால் அதைக் களத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

"யோவ், உன் நெல்லு எம் பக்கம் உருண்டு கெடக்கு," என்பார் அமிர்தம்.

"பேரு எழுதியிருக்கா பாரு, வந்து எடுத்துக்கறேன்."

"எழுதத் தெரிஞ்சிருந்தா எழுதியிருப்ப!"

இந்த நிலையில்தான், கழுத்தில் அடையாள அட்டை அசைய, துரைராசு வந்து இறங்கினார். 'மக்கள் பங்கேற்பு இளைஞர் இசைச் சங்கம'த்தின் ஒருங்கிணைப்பாளர். இளம் வயது. 'மேடை வேறு, மக்கள் வேறு' என்ற கொடுமையை ஒழிப்பதே அவர் லட்சியம். சுற்றுவட்டாரத்தில் சமதரையாக இருந்தது அந்தக் களம் ஒன்றுதான். அதில் ஜனம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க சார், இன்னும் நோட்டீஸே அடிக்கல. அதுக்குள்ள என்னா கூட்டம்!"

"அவங்க நெல்லுக்குக் காவல் இருக்காங்க சார்," என்றார் பஞ்சநதம்.

"கலைக்கும் காவல் வேணும் சார்!"

மறுநாளே மேடை எழுந்தது. தராசு வைக்கும் இடத்தில் எழுந்ததால் கொள்முதல் நின்றது. ஏற்கெனவே நின்றிருந்ததுதான், இப்போது காரணத்தோடு நின்றது. மேடைப் பலகை ஆடாமல் இருக்க, அடியில் புத்தம்புதுச் சாக்குகளை மடித்து வைத்தார்கள். காணாமல்போன சாக்கு எங்கேயும் போய்விடவில்லை என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

மேடைக்குப் பக்கத்தில் தென்னை மர உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். விழாவுக்கு வரவிருந்த மாண்புமிகு அதில் தலை முதல் கால் வரை, கைகூப்பி நின்றார். 'டெல்டாவின் தாளமே! தாளாண்மையின் வேளாண்மையே!' என்று கீழே எழுதியிருந்தது. அர்த்தம் யாருக்கும் புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடியது.

விழா அன்று சாயங்காலம் கச்சேரி ஆரம்பமாயிற்று. திருவாரூர் செல்போன் கடைக்காரர் பிள்ளைகள் இருவர்: கீபோர்டில் மூஸா, பாட்டுக்கு அவன் தங்கை ஆசியா. இருவருக்கும் முதல் மேடை. துரைராசு மைக்கைப் பிடித்தார்.

"இன்னைக்கு நீங்க ஆடியன்ஸ் இல்ல! நீங்களும் கலைஞருங்கதான்! மனசுல என்ன இருக்கோ அத அப்படியே பாடுங்க!"

அமிர்தத்தின் மனத்தில் ஒன்றுதான் இருந்தது. "நெல்ல எப்ப எடுப்பீங்க?"

"சூப்பர் அம்மா! மூஸா, அதுக்கு ட்யூன் போடுப்பா!"

பையன் கெட்டிக்காரன். இரண்டு கட்டையைத் தட்டினான், மெட்டு விழுந்துவிட்டது. ஆசியா "எப்ப எடுப்பீங்க" என்று மேலே இழுக்க, களம் முழுக்க "எடுப்பீங்க, எடுப்பீங்க" என்று கீழே வாங்கிக்கொண்டது. தகரத்தைத் தட்டினார்கள், முறத்தைத் தட்டினார்கள். துரைராசு ஆடினார். ஓரமாக நின்ற பஞ்சநதத்தின் கைகூடத் தொடையில் தாளம் போட்டது. வரிகள் உறைத்ததும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எத்தனையோ மனுக்கள் எழுதியும் கேட்காத, விழாவுக்கு வந்திருந்த அதிகாரிகளின் காதில் அந்தக் கோரிக்கை விழுந்தது. விழுந்ததும் கைதட்டினார்கள். கைதட்டியதோடு கடமை முடிந்தது.

"மாண்புமிகு குத்தாலம் தாண்டிட்டாரு!" என்று துரைராசு அறிவித்த நிமிடம், தை மாதத்தில் வரக்கூடாத மழை வந்தது.

மூஸா கீபோர்டைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டான். அமிர்தத்தின் தார்ப்பாய் காற்றில் பறந்து வாய்க்காலில் போய் விழுந்தது. அவர் இடமும் வலமும் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். நேராகப் போய்ப் பிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தார்.

"அம்மா! அம்மா! அது மாண்புமிகு!" என்று அலறினார் துரைராசு.

"தெரியுது தம்பி. அவரத்தான் கூப்புடுறேன்."

ஒரு முனை அமிர்தம், மறுமுனை வீரையன். வரப்பில் ஒரு சாண் விட்டுக்கொடுக்காத இருவரும் ஒரே துணியை ஒரே பக்கம் இழுத்ததை அன்றுதான் ஊர் பார்த்தது. நடுவில் மூஸாவும் ஆசியாவும் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் யாரும் இல்லை. மேடை வேறு, மக்கள் வேறு என்ற கொடுமை ஒழிந்தது.

பெருமழை விட்டது. அப்போதுதான் நிலவரம் தெரிந்தது. மாண்புமிகுவின் முகமும் கூப்பிய கைகளும் அமிர்தத்தின் நெல்மேல் இருந்தன. இடுப்புக்குக் கீழே எல்லாம் வீரையன் பங்கு.

"எனக்கு வெறும் காலா?" என்றார் வீரையன்.

"கால்ல விழுந்து பழகிக்க. நாளைக்குப் பதவி கெடைக்கும்," என்றார் அமிர்தம்.

துரைராசு பஞ்சநதத்திடம் ஓடினார். "சார், ஆள் இப்ப வந்துருவாரு. இப்படி மல்லாக்கப் படுக்க வச்சிருக்கமே! அவரு பாத்தா என்ன சார் நெனைப்பாரு?"

பஞ்சநதம் ஆட்களைக் கூப்பிட்டார். "தூக்கி நிறுத்துங்கய்யா!"

அமிர்தம் பிளெக்ஸின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னும் தூத்தல் நிக்கல. நெல்ல எடுங்க, அப்புறம் தலைவர எடுத்துக்கங்க. இழுத்துத்தான் எடுப்பேன்னா மொகம் கிழிஞ்சுரும். நான் பொறுப்பில்ல."

நிர்வாகம் என்றால் என்ன என்பதை அதன்பின் ஊர் கண்டது. மேடைக்கு அடியிலிருந்து சாக்கு வந்தது. மேடைக்குப் பின்னாலிருந்து தராசு வந்தது. ஷாமியானா இறக்க வந்திருந்த லாரி, நெல் லாரி ஆயிற்று. முகத்துக்கு அடியில் கைவிட்டு அள்ளினார்கள். பஞ்சநதம் ஈரம் பார்த்தார். மழைக்கு முன் ஈரமாயிருந்த நெல், மழைக்குப் பின் காய்ந்திருந்தது. ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே அமிர்தம் எழுந்தார்.

முகத்தை நிமிர்த்திக் கட்டியபோது சைரன் கேட்டது. காலை எடுக்க நேரமில்லை. முட்டியருகே மடித்து விட்டார்கள். பார்த்தால், மாண்புமிகு வீரையனின் நெற்குவியல்மேல் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

வந்தவர் பார்த்தார். சிலிர்த்துப்போனார்.

"நெல்மணி மேல உக்கார வச்சிருக்கீங்களே! யாரு யோசனை இது?"

"மக்கள் பங்கேற்புங்க!" என்றார் துரைராசு.

படம் எடுத்துக்கொண்டார்கள். "இத அப்படியே வைங்க, கலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மாண்புமிகு காரேறினார். அப்படியே வைத்தார்கள். காவலுக்கு ஆள் போட்டார்கள். வீரையன் தன் நெல்லைத் தொடப்போனால், தலைவரின் மடியில் கைவைக்கிறான் என்று விரட்டினார்கள். ஒரு வாரத்தில் அந்த நெல் முளைத்துப் பச்சைப்பசேலென்று படத்தின் முட்டிவரை வந்தது. 'மாண்புமிகு அமர்ந்த இடமெல்லாம் பசுமை' என்று புதிய பிளெக்ஸ் வைத்தார்கள்.

அமிர்தம் மூஸாவுக்கு ஆள் விட்டுச் சொன்னார்: "அடுத்த குறுவைக்கும் வந்துரு தம்பி. வர்றப்ப படம் ஒண்ணு கொண்டாந்துரு. மொகம் ரெண்டு இருக்கற மாதிரி பாரு. வீரையன் பாவம்."

உழுதவர்களின் முகத்தைப் பார்த்து இரண்டு வாரமாக வாங்காத நெல்லை, துணியில் அச்சடித்த ஒரு முகத்துக்காக அரைமணியில் வாங்கிய நிர்வாகத்தை எப்படிப் பாராட்டுவது என்றே தெரியவில்லை. இப்போது டெல்டாவில் களம் களமாகக் குவியல் கிடக்கிறது, வானமும் கறுத்து வருகிறது. இரண்டு முகம் போதுமா, அல்லது குவியலுக்கு ஒன்றாகவே அச்சடித்துவிடலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?