ரெண்டும் சேர்ந்த ஒண்ணு

ரவுண்டானாவின் நட்டநடுவில் வண்டி மறுபடியும் அணைந்தது.

"கிளட்ச்சும்மா, கிளட்ச்ச மிதிங்க!" என்றார் மாஸ்டர்.

"எது மாஸ்டர் கிளட்ச்? மூணும் ஒரே மாதிரி இருக்கே!"

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவருக்கும் பின்னால் இருந்தவர்கள் பக்கவாத்தியம் வாசித்தார்கள்.

வேறு நாளாக இருந்தால் மாஸ்டர் போட்டிருக்கும் சத்தத்தில் பக்கத்துத் தெருவில் போகிற வண்டிகூட கியர் மாற்றியிருக்கும். அந்தக் குரலால்தான் அவருடைய டிரைவிங் ஸ்கூலே ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் குரல் எழும்பவில்லை. ரவுண்டானா ஒரு பக்கம் சுற்ற, அவருடைய தலை எதிர்ப்பக்கம் சுற்றியது. முன்னால் இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், எனக்குப் படபடன்னு வருது. ஓரமா தள்ளி நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கட்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ம்… பாவம், பயந்துட்டீங்க. நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார் மாஸ்டர். அந்த இடைவெளி அவருக்கும் அமிர்தமாக இருந்தது.

கற்றுக்கொள்ள வருகிற எல்லோருக்கும் மனசுக்குள் பட்டப்பெயர் வைத்துவிடுவது மாஸ்டரின் வழக்கம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருகிறார், அவர் 'குலுக்கல்'. போன வாரம் வந்து சேர்ந்த இந்த அம்மாளுக்கு ரொம்ப யோசிக்காமல் 'திண்டாட்டம்' என்று வைத்துவிட்டார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு மாணவியை அவர் பார்த்ததில்லை. வண்டியைக் கிளப்புவதற்குள் மூன்று முறை அணைப்பார். கிளம்பினால், எங்கே நிறுத்தக்கூடாதோ அங்கே நிறுத்துவார். போதாக்குறைக்கு, "மத்தவங்க ஓட்டறதைப் பார்த்தா பயம் தெளியும் மாஸ்டர்" என்று குலுக்கலின் வகுப்பிலும் பின்சீட்டில் ஏறிக்கொள்வார்.

நேற்று அப்படித்தான், குலுக்கல் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது மாஸ்டருக்குக் கண் செருகியது. அதே நொடியில் பின்னாலிருந்து ஒரு கூச்சல். "ஐயோ, நிறுத்துங்க! எனக்குக் குமட்டுது!"

குலுக்கல் பதறிப்போய் ஓரம் கட்டினார். திண்டாட்டம் இறங்கி, காற்று வாங்கி, கையோடு கொண்டுவந்த தண்ணீரை முதலில் மாஸ்டரிடம் நீட்டினார்.

'இந்தம்மா ஓட்டினாலும் வண்டி நிக்குது, உக்காந்தாலும் நிக்குது. எனக்குப் பிரஷர் ஏறாம வேற என்ன பண்ணும்?' என்று நினைத்துக்கொண்டே மாஸ்டர் அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

பிரஷர் அவருக்குப் புதிதில்லை. சில வருஷமாகக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி வேறு ஒரு மாத்திரை. சமீபத்தில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதை மாற்றி எழுதினார். அவர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் மாஸ்டரின் போன் அடித்தது. ஒரு மாணவர் சொந்த வீட்டு கேட்டுக்குள் பின்பக்கமாக வண்டியைச் செருகிவிட்டு, வெளியே எடுக்க வழி கேட்டார். "ஸ்டீயரிங்க முழுசா ஒடிங்க! ஒடிங்கன்னா உடைக்கச் சொல்லலை!" என்று மாஸ்டர் ஒரு காதில் கத்திக்கொண்டிருக்க, டாக்டரம்மா சொன்னது மறு காதில் அரைகுறையாக விழுந்தது.

அன்றிலிருந்து காலையில் பழைய மாத்திரையோடு புது மாத்திரை, ராத்திரி அந்த இன்னொரு பழைய மாத்திரை. நேரம் தவறுவதில்லை. மருந்து விஷயத்தில் தன்னைப் போல ஒழுங்கானவர் ஊரில் கிடையாது என்று அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

தலைசுற்றல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நாற்காலியிலிருந்து எழுந்தால் வீடும் கூடவே எழுந்தது.

"ஏங்க, சுவத்தப் பிடிச்சுட்டு எதுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டார் மனைவி.

"விரிசல் ஏதாவது விட்டிருக்கான்னு பார்க்கறேன்."

"நேத்து பீரோவைப் பிடிச்சுட்டு நின்னீங்க."

"அதுலயும் பார்த்தேன்."

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாங்க."

"எதுக்கு? போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். வண்டிய விட்டு இறங்குன்னுவாங்க. நான் வண்டிய விட்டு இறங்கினா வீட்ல உக்காந்து உன் மிக்ஸிக்கா கியர் மாத்தக் கத்துக் குடுப்பேன்?"

மனைவி அதற்குமேல் பேசவில்லை. அவர் பேசாமல் போனால் விஷயம் அத்தோடு முடிந்தது என்று அர்த்தமில்லை. கல்யாணமாகி இத்தனை காலமாகியும் மாஸ்டர் கற்றுக்கொள்ளாத ஒரே பாடம் அதுதான்.

டாக்டரிடம் போகாத மாஸ்டர் மச்சினனிடம் போனார். மச்சினனுக்கு மின்விசிறி பழுதுபார்க்கும் கடை. மின்விசிறியில் தொடங்கி மனுஷ உடம்பு வரை எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வழி இருந்தது.

"தலை சுத்துதா? அப்ப பிரஷர் எகிறிடுச்சு மாமா," என்றான், கையிலிருந்த சுருளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"அளந்து பார்க்க வேண்டாமா?"

"உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கே! உப்பை நிறுத்துங்க. உப்புக்குப் பதிலா உப்புன்னு ஒண்ணு விக்கறான், பிரஷர்காரங்களுக்குன்னே. தாராளமாப் போட்டுக்கலாம்."

மாஸ்டர் வாங்கினார். தாராளமாகவே போட்டுக்கொண்டார். சுற்றல் குறையவில்லை, கூடவே தலைவலி வேறு. அதற்கும் மச்சினன் தன் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு அட்டை வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தான். அதுவும் போயிற்று உள்ளே.

ரவுண்டானாவில் வண்டி நின்ற அன்று ராத்திரி அலுப்பில் மாத்திரை போடாமலே தூங்கிவிட்டார். காலையில் எழுந்தபோது தலை கொஞ்சம் தெளிவாக இருந்தது. மற்றவர்களாக இருந்தால் இங்கே ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். மாஸ்டருக்கோ குற்ற உணர்ச்சி பொத்துக்கொண்டு வந்தது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று, ராத்திரி மாத்திரையையும் காலை மாத்திரைகளோடு சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கம்பீரமாக வண்டியில் போய் ஏறினார்.

திண்டாட்டம் ஸ்டீயரிங்குக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் மாஸ்டரின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"மாஸ்டர், இன்னிக்கு வேணா தியரி மட்டும் வச்சுக்கலாமா?"

"தியரியா? நீங்க இன்னும் ரெண்டாவது கியரையே பார்க்கலை. எடுங்க வண்டிய."

கடைவீதிக்குள் நுழைந்ததும் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது கடைவீதியைக் காணோம். கறுப்புத் திரை ஒன்று மேலிருந்து சரசரவென்று இறங்கியது.

"பிரேக்…" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது.

திரை விலகியபோது அவருடைய சீட் சாய்க்கப்பட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி இறக்கப்பட்டு முகத்தில் காற்று அடித்தது. வண்டி போய்க்கொண்டிருந்தது, அணையாமல், குலுங்காமல், தண்ணீரில் போகிற மாதிரி.

மாஸ்டர் மெல்லக் கண்ணைத் திருப்பிப் பார்த்தார். திண்டாட்டம்தான் ஓட்டினார். பேருந்துக்கும் லாரிக்கும் இடையில் ஒரு விரற்கடை இடம் தெரிந்தது. வண்டி அதற்குள் புகுந்து வெளியே வந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், மறுபடி இரண்டாவது. மாறுகிற சத்தமே கேட்கவில்லை.

"ரவுண்டானா வருதும்மா… கிளட்ச்…" என்று முனகினார் மாஸ்டர்.

"தெரியும் மாஸ்டர். கண்ணை மூடிக்கங்க. எழுந்திரிக்காதீங்க."

ரவுண்டானா வந்தது, போயிற்று. அணையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து போல இருந்த இடத்தில், பின்பக்கமாக, ஒரே திருப்பில் நிறுத்தினார் அந்த அம்மாள். தன்னாலேயே அது ஒரே திருப்பில் முடியுமா என்று மாஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. இறங்குவதற்குள் தள்ளுநாற்காலி ஒன்று கதவருகே வந்து நின்றது. 'நல்ல கவனிப்புதான் இங்க' என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா இதெல்லாம்?"

"பயத்துல தானா வந்துருச்சு மாஸ்டர்."

டாக்டரம்மா மாஸ்டரின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார்.

"எவ்வளவு ஏறியிருக்கு டாக்டர்?" என்றார் மாஸ்டர், தீர்ப்புக்குக் காத்திருக்கிற குரலில்.

"ஏறலை. தரைமட்டத்துல கிடக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு மனைவி உள்ளே வந்தார். கையில் ஒரு பை. வீட்டு அலமாரியில் இருந்த அத்தனை மருந்தையும் அப்படியே வழித்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"நீ எப்படி இங்க?"

"அதை அப்புறம் பேசலாம்," என்று பையை மேசையில் கவிழ்த்தார் மனைவி. பழைய மாத்திரை இரண்டு வகை, புது மாத்திரை, வலி மாத்திரை. கடைசியாக உப்புப் பொட்டலம் வந்து விழுந்தது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். அவருடைய புருவம் மேலே போனது திரும்ப இறங்கவே இல்லை.

"இந்தப் பழசு ரெண்டையும் இன்னுமா சாப்பிடறீங்க?"

"நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, ரெண்டோட சேர்த்து ஒண்ணுன்னு!"

"கடவுளே! ரெண்டும் சேர்ந்த ஒண்ணுன்னு சொன்னேன்!"

மனைவிக்குச் சிரிப்புப் பீறிட்டது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அது நிற்கவில்லை.

"இந்தப் புது மாத்திரைக்குள்ளயே பழைய ரெண்டு மருந்தும் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "உங்க பாஷையில சொல்றேன். ரெண்டு பேர் தனித்தனி வண்டியில வந்துட்டிருந்தாங்க. நான் ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தி அனுப்பினேன். நீங்க அந்தப் பழைய ரெண்டு வண்டியையும் சேர்த்து ஓட்டிட்டிருக்கீங்க. ரோடு தாங்குமா?"

"தாங்காதுங்க," என்றார் மாஸ்டர் ஈனஸ்வரத்தில்.

"இந்த உப்பு யார் சொல்லி வாங்கினீங்க? இதுல பொட்டாசியம் இருக்கு. இந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்துல அது எக்குத்தப்பா ஏறலாம். வலி மாத்திரையும் கேக்காம போடக் கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது. இப்பவே ரத்தம் எடுத்துப் பார்த்துரலாம்."

"மச்சினன் சொன்னான்."

"அவர் என்ன படிச்சிருக்கார்?"

"மின்விசிறி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்றைக்குச் சாயங்காலம் வரை இங்கேயே படுத்திருக்க வேண்டும். பழைய இரண்டும் இனி கிடையாது. பிரஷர் நிலைக்கு வந்ததும் புது மாத்திரை ஒன்று மட்டும், தினமும் ஒரே நேரத்துக்கு. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை சேர்த்துப் போடக் கூடாது. தலைசுற்றினால் தானாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. வந்து கேட்க வேண்டும்.

"அப்ப வண்டி?" என்று இழுத்தார் மாஸ்டர். இத்தனை நாள் அவர் பயந்த கேள்வி அது.

"சில நாள் ஓய்வு. அடுத்த வாரம் வாங்க, அளந்து பார்க்கறேன். சரியா இருந்தா நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. யார் வேண்டாம்னா?"

மாஸ்டர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பட்டை இன்னும் மாஸ்டரின் கையில்தான் சுற்றியிருந்தது.

சாயங்காலத்துக்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. பிரஷரும் மேலே ஏறிவிட்டது. போகலாம் என்றார்கள். மனைவி கையைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக எழுந்து, மெதுவாக நடந்து மாஸ்டர் வாசலுக்கு வந்தார். உலகம் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றது. அது எவ்வளவு அழகான குணம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வண்டியருகே திண்டாட்டம் காத்திருந்தார்.

"உங்க வீட்டம்மாவா மாஸ்டர்? வணக்கம்ங்க."

"வணக்கம்," என்றார் மனைவி, தூரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. பழைய குரல் திரும்ப வந்துவிட்டது. போர்டிகோ முழுக்கக் கேட்டது.

"பார்த்துக்க, இவங்கதான்! போன வாரம் கிளட்ச் எதுன்னே தெரியாது. இன்னிக்குக் கடைவீதிய எப்படித் தாண்டினாங்க தெரியுமா? பின்பக்கமா ஒரே திருப்பு! ஒரு வாரம், ஒரே வாரம்! இப்படி ஒரு மாணவிய உருவாக்கணும்னா அதுக்கு ஒரு வாத்தியார் வேணும். ஊர்ல எத்தனை டிரைவிங் ஸ்கூல் வேணா இருக்கட்டும், சவால் விடறேன்!"

"எல்லாம் உங்க பயிற்சிதான் மாஸ்டர்," என்றார் திண்டாட்டம் அடக்கமாக. மனைவிக்கு ஏனோ திடீரென்று இருமல் வந்தது.

அப்போது ஆஸ்பத்திரிக் காவலாளி, சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே திண்டாட்டத்தை நோக்கி ஓடிவந்தார்.

"அக்கா! பிரண்டோட வீட்டுக்காரர் கூடவே காவலுக்கு இருக்கணும்னு லீவு போட்டீங்களே, அது முடிஞ்சுதா இல்லையா? இங்க ஆம்புலன்ஸ் ஓட்ட ஆளில்லாம அல்லாடிட்டிருக்கோம்!"