பெரியப்பாவுக்கு வைச்ச சுருட்டு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மாமியைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கல்லுக்கு முன்னால நிப்பாட்டவேணும்.

அது மாமியின்ர பெரியப்பாவின்ர நினைவுக்கல். எங்கட குடும்பத்தில முதன்முதல் கப்பலேறி லண்டனுக்கு வந்த மனிசன். துறைமுகப் பக்கம் சமையல்காரனா இருந்து, இஞ்சயே செத்து, கிழக்கு லண்டனில ஒரு பழங்காலத்துச் சவக்காலையில பேர் இல்லாமல் கிடந்தவர். இப்பதான் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து கல்லு வைச்சம்.

அதைத் திறக்கவெண்டே மாமி டொரண்டோவில இருந்து வந்தவ.

"அண்ணைக்கு ஒரு பிடி சோறு படைக்க ஏலாமல் போச்செண்டு அப்பா சாகுமட்டும் சொன்னவர். நான் படைச்சிட்டுத்தான் பிளேன் ஏறுவன்."

அடுத்த நாள் பிளேன். மாமியின்ர முழங்காலைப் பார்த்தால் இனி ஒருக்கா வருவா எண்டு நம்ப ஏலாது.

என்ர மனிசி ரதி விடிய எழும்பிச் சமைச்சா. சோறு, மீன் குழம்பு, முட்டைப் பொரியல், வடை. மாமி தன்ர பங்குக்கு ஒரு புது வேட்டியும் யாழ்ப்பாணத்துச் சுருட்டும் எடுத்துவைச்சா.

"இடம் தெரியுமோ?" எண்டு ரதி கேட்டா.

"கல்லு வைக்கேக்க வந்து பார்த்தனான். செட்டை உடைஞ்ச சம்மனசுச் சிலை, ஒத்தைச் சிறகோட நிக்கிற தேவதூதன், அதுக்குப் பக்கத்தில. கண்ணைக் கட்டி விட்டாலும் போவன்."

போனன். செட்டை உடைஞ்ச சம்மனசு நிண்டுது. பக்கத்தில நீலப் பிளாஸ்டிக் படங்கு போட்டு மூடின சின்னக் கல்லு. திறக்கும்வரைக்கும் மூடி வைப்பினம் எண்டு கல்லு செய்தவை சொன்னதுதான்.

ரதிக்கு எப்பவும் என்னில ஒரு சந்தேகம். "இஞ்சேருங்கோ, ஒருக்காத் தூக்கிப் பாருங்கோவன்."

"தொடக்கூடாது" எண்டா மாமி. "படைச்சுப்போட்டு நான்தான் திறப்பன்."

"நீர் சும்மா இரும்" எண்டு ரதிக்குச் சொன்னன்.

வாழையிலை விரிச்சு, குழம்புச் சட்டியை மாமி அப்பிடியே கவிழ்த்தா. வேட்டியைக் கல்லின்ர அடிப்பக்கம் படங்குக்கு மேலால சுத்திக் கட்டினா. சுருட்டைத் தானே பத்தி, இருமி இருமிக் கல்லடியில வைச்சா. தேவாரம் படிச்சம்.

"பெரியப்பா, தனியக் கிடந்து என்ன பாடுபட்டியளோ. சாப்பிடுங்கோ" எண்டு மாமி விம்மினா. ரதி அழுதா. எனக்கும் கண்ணீர் வந்துட்டுது.

மாமி படங்கை மேல்பக்கமா உருவினா.

"மேரி. அன்பு மனைவி. அருமைத் தாய்."

வேட்டியோட மேரி நிண்டா. சுருட்டுப் புகைஞ்சு கொண்டிருந்துது.

"தம்பி, இது ஆர்?"

"மேரி, மாமி."

"அது எனக்கும் வாசிக்கத் தெரியும்."

நாயோட நடந்துவந்த ஒரு மனிசிதான் விளங்கப்படுத்தினா. பழைய கல்லுகளைத் துப்புரவாக்கிற ஆக்கள் அதை மூடி விட்டிருக்கினமாம். செட்டை உடைஞ்ச சம்மனசு அங்கால இன்னும் கனக்க நிக்குதாம்.

தேடினம். கொடி மூடின ஒழுங்கைக்க இன்னொரு சம்மனசு, இன்னொரு நீலப் படங்கு. இந்தமுறை நான் முனையைத் தூக்கிப் பார்த்தன். மாமி தடுக்கேல்ல. பெரியப்பாவின்ர பேர்தான் இருந்துது.

ஓடிப்போய் மேரியின்ர வாழையிலையைத் தூக்கக் குனிஞ்சன்.

"வை அதை" எண்டு மாமி பின்னால கத்தினா. "ஒருத்தருக்குப் படைச்சதை எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கிறதே?"

"வேட்டியையாவது அவிழ்ப்பமோ?"

"பொம்பிளையின்ர உடுப்பையோ அவிழ்க்கப் போறாய்?"

நாங்கள் சாப்பிடவெண்டு காரில மிச்சச் சோறும் கொஞ்சத் தேங்காய்ப்பால் சொதியும் இருந்துது. ரதி எடுத்துக்கொண்டு வந்தா. இலை இல்லை, சட்டி மூடியிலதான் வைச்சம். மேரிக்கு மீன், முட்டை, வடை, சுருட்டு. சமையல்காரனா இருந்த எங்கட மனிசனுக்குச் சோறும் ஆறின சொதியும்.

மாமி படங்கை எடுத்துப்போட்டு, கல்லில இருந்த பேரை விரலால தடவினா. "அப்பா, வைச்சிட்டன்" எண்டு மட்டும் சொன்னா.

திரும்பி வரேக்க மேரிக்கு முன்னால நிண்டா. "ஒருக்காப் படைச்சா இடையில விடக்கூடாது தம்பி. இனி வருசா வருசம் இவவுக்கும் நீதான் செய்யவேணும்."

அடுத்த நாள் விமான நிலையத்தில, உள்ள போற வாசலில நிண்டு மாமி திரும்பிப் பார்த்தா. போய்வாறன் எண்டு சொல்லப் போறாவாக்கும் எண்டு கிட்டப் போனன்.

"மேரிக்கு உறைப்பைக் குறைச்சு வை."