அடுப்பை நான் பார்த்துக்கொள்வேன்

இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்று மகாமே தீர்மானம் செய்தான். அந்த வாரத்தில் அது நான்காவது தீர்மானம். முந்தைய மூன்றும் பல் விளக்கும்போது பிறந்து, டீ குடிப்பதற்குள் செத்துப்போனவை. இது கொஞ்சம் திடகாத்திரமானது. டீ குடித்து முடிக்கிறவரை உயிரோடு இருந்தது.

"சுவேனா" என்றான்.

"ம்?" மனைவி மணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரயா. இரண்டு வயது மகள். துருவத் துருவத் திருடித் தின்பது அவள் உத்தியோகம்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க வாத்தியாரே."

"வந்து... இன்னைக்கு மீனா, கணவாயா?"

"கணவாய்."

"அதான் கேட்டேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பறந்துவிட்டான்.

பெஞ்சுக்கு நாலு பேராக நெருக்கியடித்து உட்காரும் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற கணக்கு வாத்தியார், சொந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்க இப்படி நடுங்குவானேன்? நடுங்கத்தான் வேண்டும். செய்துவைத்த காரியம் அப்படி.

மகாமேக்குக் கணக்கு வயிற்றுக்கு, வயலின் மனசுக்கு. சாயங்காலமானால் கடற்பறவை இசைச் சங்கத்தில் இரண்டாம் வயலின் வாசிப்பான். சான்சிபாரில் தாரப் கச்சேரி இல்லாமல் கல்யாணம் ஏது? கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசித்து வாசித்து அவனுக்குள் ஒரு கனவு வளர்ந்திருந்தது. இன்றைக்கு சான்சிபார், நாளைக்கு மஸ்கட், அப்புறம் கெய்ரோ. கடைசியில் கடலைப் பார்த்த மாதிரி சொந்தமாக ஒரு இசைப்பள்ளி. வாசலில் அவன் பெயர் போட்ட பலகை. வட்டிக்கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் முழிக்கிற நேரத்தில் அந்தப் பலகைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசிப்பான். நீலம் என்று முடிவாகியிருந்தது.

சங்கத்தை நடத்துகிறவள் ஷுஃபா அக்கா. பெரிய குரல், பெரிய உடம்பு, பெரிய கைப்பை. மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வீடு தேடி வந்து, "வாத்தியாரே, உன் பெண்டாட்டி குரல் தேன். கோரஸுக்கு அனுப்பு" என்று கேட்டாள். சுவேனா கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகாமே தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கம் செய்தான். வாத்தியார் மனைவி மேடை ஏறினால் வகுப்பில் எவன் மதிப்பான்? குடும்பம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று அலைந்தால் வீடு என்னாவது? அடுப்பை யார் பார்ப்பது, பிள்ளையை யார் பார்ப்பது?

சுவேனா "சரி" என்றாள். ஒரே ஒரு சரி. கல்யாணமாகி நாலு வருஷம் ஆன எந்தப் புத்திசாலியும் அந்தச் சரியைக் கேட்டுப் பயந்திருப்பான். மகாமே, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய லீவில் ஒரு மாதம் கச்சேரி. பன்னிரண்டு டிக்கெட். பதினொன்று நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று.

"அக்கா, அது எனக்குத்தானே?" மகாமே குழைந்தான்.

"இரண்டாம் வயலினும் வேணும், கோரஸுக்கு ஒரு ஆளும் வேணும். யாரோ ஒருத்தர்தான். என் சட்டம் தெரியுமில்ல? வீட்டுல சம்மதிக்காத ஆளை நான் ஏத்தமாட்டேன். போன தடவை தபலாக்காரன் பொண்டாட்டி விமானம் வரைக்கும் வந்து என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா."

"வீட்டுல சம்மதம்தான் அக்கா."

"நீ சொன்னா செல்லாது. வீட்டு ஆள் என் கண்ணு முன்னாடி சொல்லணும்."

அங்கேதான் சிக்கல். வீடு என்னாவது என்று முழங்கிய அதே வாயால், 'நான் ஒரு மாதம் பாட்டுக்குப் போகிறேன்' என்று எப்படிக் கேட்பது? கேட்டால் சுவேனா சண்டை போடமாட்டாள். புருவத்தைத் தூக்குவாள். அந்தப் புருவத்துக்குச் சண்டை எவ்வளவோ மேல்.

ஐந்தாவது தீர்மானம் சைக்கிளில் போகும்போது உதித்தது. நேராகக் கேட்பானேன்? பாட்டில் கேட்டால் என்ன?

தாரப் கச்சேரியில் ஒரு வழக்கம். எல்லாப் பாட்டும் சும்மா கேட்பதற்கில்லை. பாடகி ஒரு வரி பாடும்போது யார் எழுந்து போய் அவள் கையில் பண நோட்டை வைக்கிறாளோ, அந்த நிமிஷம் முதல் அந்த வரி நோட்டு வைத்தவள் பேச்சு. ஊரறியச் சொன்னது சொன்னதுதான், பின்வாங்க முடியாது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் 'எட்டிப் பார்க்கும் கண்ணே, உனக்கு உன் வீட்டில் வேலை இல்லையா' என்ற வரிக்கு, அவர்கள் தெருவிலிருக்கும் மிஸே நோட்டு வைத்தாள். அடுத்த வாரமே அவளுடைய பக்கத்து வீட்டு ததூ ஜன்னலை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டாள். அவ்வளவு சக்தி உள்ள வழக்கம்.

சுவேனாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம் வருகிறது. கச்சேரி கடற்பறவை. மனைவி கணவனை வெளிநாட்டுக்கு வழியனுப்புகிற மாதிரி உருகி உருகி ஒரு பாட்டு எழுதவேண்டியது. நல்ல வரி கேட்டால் சுவேனாவால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து நோட்டை வைப்பாள். வைத்தால் ஷுஃபா அக்கா கண்ணெதிரே, ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னிலையில் சம்மதம். மகாமே தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு கோழி மேல் சைக்கிளை ஏற்றப் பார்த்தான்.

அன்றே எழுத உட்கார்ந்தான். முதல் வரி வந்ததும் மனைவியிடமே வாசித்துக் காட்டினான். தூண்டிலை மீனிடமே காட்டி ருசி கேட்கிற தைரியம் அவனுக்கு.

"'போய்வா கண்ணே, கடல் கடந்து போய்வா, கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன்.' எப்படி?"

சுவேனா துணி மடிப்பதை நிறுத்தினாள். "ஒரு மாசமாக் கதவைத் திறந்து வெச்சா வீட்டுல என்ன மிஞ்சும்?"

"அது கவிதை!"

"கவிதைன்னா திருடன் வரமாட்டானா? யாரு யாருக்குச் சொல்ற மாதிரி பாட்டு?"

"அது... பொதுவா."

"பொதுவாவா?"

"ஆமா. யார் வேணா யாருக்கு வேணாச் சொல்லலாம்."

சுவேனா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரொம்ப அன்பாகச் சிரித்தாள். "அப்ப கதவு வேண்டாம். 'அடுப்பை நான் பார்த்துக்கொள்வேன், பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன்'னு போடுங்க. கேக்கறவங்க நெஞ்சு அப்படியே கரைஞ்சுடும்."

மகாமேக்குப் புல்லரித்தது. தன் வாயாலேயே சொல்கிறாளே! அடுப்பு, பிள்ளை இரண்டையும் தானே ஏற்றுக்கொள்கிறாளே! "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெருந்தன்மையாக எழுதிக்கொண்டான். தன் கையாலேயே எழுதிக்கொண்டான் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டை முடித்து ஷுஃபா அக்காவிடம் கொடுத்தான். அதன்பிறகு வீட்டில் எல்லாம் சுமுகம். சுவேனா தினமும் மத்தியானம் ரயாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்வந்தாள். கிராம்பு காயவைக்கிறார்களாம், ஒத்தாசை வேண்டுமாம். ரயா அந்தப் பாட்டைச் சுருதி பிசகாமல் முனக ஆரம்பித்தாள். 'அப்பன் ரத்தம்' என்று மகாமே பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டான். இவன் வீட்டில் வாசித்தது முதல் பாதி மட்டும்தான், பிள்ளை பாடுவது முழுப் பாட்டு என்பது கணக்கு வாத்தியாருக்குக் கணக்கில் வரவில்லை.

கல்யாண நாள் வந்தது. புறப்படும்போது சுவேனாவிடம் மொடமொடவென்று ஒரு புது நோட்டைக் கொடுத்தான். "நல்ல வரி வந்தா வை. கூச்சப்படாதே."

"எனக்கென்ன கூச்சம்?" என்று அவள் கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கச்சேரி தொடங்கியது. பந்தல் கொள்ளாத பெண்கள். அத்தரும் மல்லிகையும் பிரியாணியும் கலந்த வாசனை. முன்வரிசையில் அவன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள். மகாமே மேடையில் வயலினைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் மனைவியைப் பார்த்தபடி வாசித்தான்.

ஷுஃபா அக்கா அவன் பாட்டை எடுத்தாள். 'போய்வா கண்ணே' என்று அவள் குரல் ஏறியதும் பந்தலே ஆ என்றது. 'அடுப்பை நான் பார்த்துக்கொள்வேன்' வந்தது. சுவேனா எழுந்துவிட்டாள்! நோட்டை உயரத் தூக்கிப் பிடித்து, தாளத்துக்கு அசைந்தபடி நடந்து வந்தாள். மகாமே ஒரு சுரத்தை எகிறவிட்டான். மஸ்கட்! கெய்ரோ! நீலப் பலகை!

சுவேனா ஷுஃபா அக்கா முன்னால் நிற்கவில்லை. மேடை ஏறினாள். கறுப்பு அங்கியைக் கழற்றிப் போட்டாள். உள்ளே கடற்பறவைச் சீருடை, பச்சைப் பட்டும் தங்கச் சரிகையுமாக மின்னியது. நேரே போய்க் கோரஸ் வரிசையில் நின்றாள். அந்த இடம் அவளுக்காகவே காலியாக விடப்பட்டிருந்ததை மகாமே அப்போதுதான் கவனித்தான்.

அவள் பாடினாள். மகாமே வாசிப்பதை மறந்துபோனான். இதே மாதிரி ஒரு கல்யாணத்தில், பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து இந்தக் குரலைக் கேட்டுத்தானே, யார் அது யார் அது என்று விசாரித்துப் பெண் கேட்டு அனுப்பினான்? நாலு வருஷமாக இந்தக் குரலிடம் கணவாயா மீனா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. அதற்குள் ஷுஃபா அக்கா கையை உயர்த்திப் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"பெண்களே! இவ சுவேனா. மஸ்கட்டுக்கு நம்ம பன்னிரண்டாவது ஆள். என் சட்டம் உங்களுக்குத் தெரியும். வீட்டு ஆள் என் கண்ணு முன்னாடி சொல்லணும். எங்கே, அந்த வரி இன்னொரு தடவை!"

'அடுப்பை நான் பார்த்துக்கொள்வேன், பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன்...'

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் இரண்டாம் வயலின் பக்கம் திரும்பின.

"எழுந்திருங்க வாத்தியாரே!" என்றாள் மிஸே.

"லீவுதானே, பள்ளிக்கூடம்கூட இல்லையே!" என்றாள் ததூ. சுவர் எழுப்பின பிறகு அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

சுவேனா வரிசையிலிருந்து குனிந்து, வில் பிடித்த அவன் கையில் அந்தப் புது நோட்டைத் திணித்தாள். "நல்ல வரி வந்தா வைங்க. கூச்சப்படாதீங்க."

மகாமே எழுந்தான். வேறென்ன செய்வான்? நோட்டை ஷுஃபா அக்காவின் கையில் வைத்தான். பெண்கள் குலவையிட்டதில் பந்தல் கம்பம் ஆடியது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்து வெச்சவ" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் குமுறினான். "எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க கதவைத் திறந்து வெச்ச நாளா."

"அப்ப கிராம்பு?"

"அது தானாவே காயும்."

"என்னை ஏமாத்திட்டே!"

"நான் என்ன பண்ணினேன்? பாட்டு உங்களுது, நோட்டு உங்களுது, எழுந்து போனதும் நீங்க. நான் கோரஸ்தான் பாடினேன்."

கணக்கு வாத்தியார் கூட்டிக் கழித்துப் பார்த்தான். விடை சரியாகத்தான் வந்தது.

லீவு விட்ட மறுநாள் சுவேனா விமானம் ஏறினாள். மகாமே அடுப்பு ஏறினான் என்றே சொல்லவேண்டும். கரியடுப்பு அவனைக் கண்டாலே புகைந்தது. தேங்காய் துருவினால் விரலும் சேர்ந்து துருவிக்கொண்டது. ரயா கிடைத்த தேங்காயைத் தின்றுவிட்டு, "அம்மா எப்ப?" என்று வேளைக்கு ஒருதரம் கேட்டாள். அவனுக்கும் அதே கேள்விதான். ஆள் இல்லாத வீட்டில் அந்தச் சரி என்கிற குரல்கூட ஏங்க வைத்தது.

பொறுக்கமாட்டாமல் இன்னொரு பாட்டு எழுதினான். சுவேனா போனில் வந்தபோது வயலினை எடுத்து வாசித்துப் பாடியும் காட்டினான். 'வந்துவிடு கண்ணே, கடல் கடந்து வந்துவிடு.'

சுவேனா கடைசி வரி வரை கேட்டாள்.

"நல்லா இருக்கு வாத்தியாரே. யாரு யாருக்குச் சொல்ற மாதிரி?"

பொதுவா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகாமே அதை மென்று விழுங்கினான். "நான் உனக்கு. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலே. சீக்கிரம் வந்துடு. அடுத்த தடவை ரெண்டு பேரும் போகலாம்."

"அட!" சுவேனாவின் குரல் இளகியது. "அன்னைக்கே இப்படி நேராக் கேட்டிருந்தா மஸ்கட்டுக்கு உங்களைத்தானே அனுப்பியிருப்பேன்? சரி, போங்க. அடுப்பைப் பாருங்க."