கொடிக்கு ஒழுகாத வீடு

மாட்சிமை தங்கிய மகாராணியாரின் காலாட்படையில் கூரை ஓடு ஒன்றை மாற்ற ஒரே ஒரு படிவம் போதும். படிவத்தில் ரெஜிமென்ட்டின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரையில் ரெஜிமென்ட்டின் பெயர் இருக்க வேண்டும். அந்த வருஷம் எங்களுக்குப் பெயர் இல்லை.

லண்டனில் யாரோ ஒரு புண்ணியவான் ஹேடன்ஷயர் ரெஜிமென்ட்டையும் மார்ல்ஷயர் ரெஜிமென்ட்டையும் ஒன்றாக்கி உத்தரவு போட்டுவிட்டார். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள்தான், ஆனால் இருநூறு வருஷமாக ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிப்பதில்லை. ஹேடன்காரர்கள் தொப்பியில் முட்டைக்கோஸ் இலை செருகுவார்கள். ஏதோ ஒரு போரில் நாள் முழுக்க முட்டைக்கோஸ் தோட்டத்தில் குப்புறப் படுத்திருந்தார்களாம், அதற்குப் பெயர் வெற்றி. மார்ல்காரர்களின் அணிநடை மற்றவர்களுடையதைவிட வேகம். அதே போரில் வேகமாக ஓடினார்களாம். எந்தத் திசையில் என்று மட்டும் கேட்கக் கூடாது, கோபம் வரும்.

பழைய முத்திரைகள் இரண்டையும் உத்தரவுப்படி உடைத்தாயிற்று. புதுப் பெயரில் எந்த மாவட்டம் முன்னால் வரும் என்று முடிவு செய்ய, கர்னல் ஃபார்க்கர் தலைமையில் ஒரு கமிட்டி ஏழு மாதமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு எழுத்தர் சார்ஜென்ட் டன்னிக்ளிஃப், அதாவது நான். ஹேடன்காரன். தொப்பியில் இலை உண்டு.

ராணுவக் குடியிருப்பில் பதினொன்றாம் நம்பர் வீட்டு டோரீன் பில்பீம் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். புருஷன் சைப்ரஸில் காவலுக்குப் போயிருந்தான்.

"சார்ஜென்ட், கூரை ஒழுகுது. தொட்டிலை எங்க நகர்த்தினாலும் அங்க சொட்டுது. புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இந்த ஈரத்துல இன்னொரு குளிர்காலம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"படிவம் குடுத்தியாம்மா?"

"ஆறு குடுத்தாச்சு."

"முத்திரை இல்லையேம்மா. பேரு வெச்சாத்தான முத்திரை வரும்?"

"எம் புள்ளைக்குப் பொறந்த அன்னிக்கே பேரு வெச்சுட்டேன். இத்தனை பெரிய மனுஷங்க கூடி ஏழு மாசமா ஒரு பேரு வைக்க முடியலையா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையாகவே தைத்தது.

அந்த வாரம் கமிட்டிக்குப் புதுத் தலைவலி. பழைய படைக்கொடிகள் இரண்டையும் எங்கே வைப்பது?

"ஹேடன் கூடத்துல எங்க கொடியா? அதுக்குக் கொளுத்திப் போட்டுடலாம்!" என்று மார்ல் மேஜர் குதித்தார்.

"பொதுவா ஒரு இடம் சொல்லுய்யா டன்னிக்ளிஃப்," என்றார் கர்னல்.

"பதினொன்றாம் நம்பர் வீடு ஐயா. பில்பீம் ஹேடன்காரன், பொண்டாட்டி மார்ல்காரி. இதைவிட நடுநிலையான பூமி எங்க கிடைக்கும்?"

கமிட்டி கைதட்டியது. கொடிகளை நானே கொண்டுபோய், எங்கே அதிகம் சொட்டுமோ அதற்கு நேர் கீழே மாட்டினேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மழை. முக்கால் மணி நேரத்தில் ஏழு ஆட்கள் கூரைமேல் நின்றார்கள்.

"படிவம், ஐயா?" என்றேன் கர்னலிடம்.

"கொடி நனையுதுங்கறேன், படிவமாம் படிவம்! அறிவிருக்காய்யா உனக்கு?"

ஒன்பது நாள் குழந்தை இருமாமல் தூங்கியது. டோரீன் எனக்கு ஒரு ஆப்பிள் கேக் கூட செய்து கொடுத்தாள். பத்தாம் நாள் கர்னல் கொடியைப் பார்வையிட வந்தார். கொடிக்கு முன்னால் கயிறு கட்டி, குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மூணு மன்னர்கள் கையால குடுத்த கொடிய்யா இது! அதுக்கு முன்னாடி இந்தக் கண்றாவியா?"

அன்று மாலையே கமிட்டி கூடியது. ஏழு மாதத்தில் முதல்முறையாக ஹேடனும் மார்லும் ஒரே குரலில் பேசின. புனிதம் வாய்ந்த மேற்படிக் கொடிகளுக்கு மேற்படி இல்லம் முழுவதும் ஒதுக்கப்படுகிறது. மேற்படிக் குடும்பம் காலியாக உள்ள பன்னிரண்டாம் நம்பருக்கு மாற்றப்படுகிறது. உத்தரவை அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்.

டோரீன் ஓடி வந்தாள். "பன்னெண்டுல கூரையே இல்லையே சார்ஜென்ட்! இங்க போட்ட ஓடெல்லாம் அவசரத்துக்கு அங்கேருந்துதான பிடுங்கினீங்க?"

"பாதிதாம்மா பிடுங்கினோம். ஒரு படிவம் எழுதிக் குடு."

அவள் படிவத்தை வாங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொடிகளைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். கொட்டுகிற மழையில் இரண்டு மாவட்டத்து ஜனமும் பஸ் பிடித்து வந்து, குடையோடு தெருமுனை வரை வரிசையில் நின்றது. பதினொன்றின் கூரை அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உள்ளே போய் வந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மேல் தார்ப்பாய் ஏன் படபடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் தொப்பியில் புது இலையோடு போனேன். வரிசையில் நின்றபடி கதவு வழியாகக் கொடியைப் பார்த்ததும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சத்தியமாக.

அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டின் வாசலில் டோரீன் கையிலிருந்த குழந்தை இருமத் தொடங்கியது. நிற்காமல் இருமியது.

"ஏம்மா, புள்ளையைக் கொஞ்சம் உள்ளே தூக்கிட்டுப் போகக் கூடாதா? அஞ்சலி செலுத்துற இடம்னு தெரியலையா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் அதட்டியது. ஹேடன், மார்ல் என்ற பேதம் இல்லாமல் வரிசை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது.

அதட்டியவன் நான்தான்.